பிள்ளைகள் கையில் இணையம்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் எங்கள் பகுதியில் பல வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு முதன்முதலாக ஸ்மார்ட்போன் வந்தது. பாடத்துக்காக வந்த போன், பள்ளி திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் கணினி அறிவியல் கற்பிக்கும் என்னிடம் வகுப்பறையிலும் பெற்றோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, நான் சொல்லிவரும் விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இவை. இங்கே வரும் சட்டங்களும் உதவி எண்களும் இந்தியாவுக்கு உரியவை.

பாடம் படிக்க நம்பிப் போகக்கூடிய இடங்கள் எவை?

முதல் இடம் பிள்ளையின் பைக்குள்ளேயே இருக்கிறது. 2018-19 கல்வியாண்டு முதல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடங்களுக்கு இடையே கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. திக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் குறியீட்டைக் காட்டினால், அந்தப் பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். இந்தச் சதுரத்தை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மாணவர்கள்தாம் வகுப்பில் பெரும்பான்மை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அடுத்து, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். மேல்நிலை வகுப்பு முடித்துப் பொறியியலோ அறிவியலோ படிக்கப் போகிறவர்களுக்கு, ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகளும், 2017இல் வந்த ஸ்வயம் என்னும் அரசின் இணையவழிப் பாடத் தளமும் இருக்கின்றன. விரிவுரைகளைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. நேரில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் என்பிடெல் பாடங்களுக்குத் தேர்வுக் கட்டணம் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் போதுமான அளவுக்கு மேலேயே தரும்.

பாடநூல்களை அரசே பிடிஎஃப் வடிவில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அவற்றையே டெலிகிராம் குழுவில் ஐம்பது ரூபாய்க்கு விற்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் எந்த மாணவருக்கும் இல்லை. பொதுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அதே குழுக்களில் "நாளைய வினாத்தாள்" என்று விற்கப்படுவதற்குப் பணம் கட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்தது பழைய மாதிரி வினாத்தாள். பணத்தோடு, படிக்க வேண்டிய இரண்டு இரவுகளும் போய்விட்டன.

தேடினால் முதலில் வருவதே சரியான விடை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடல் முடிவுகளின் உச்சியில் இருப்பது பல நேரங்களில் பணம் கொடுத்து வைக்கப்பட்ட விளம்பரமாக இருக்கும். அதன் மேல் சிறிய எழுத்தில் அப்படிக் குறிப்பிட்டும் இருக்கும். பிள்ளைகள் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், வேறு யாராவது இதைச் சொல்கிறார்களா என்ற மூன்றையும் கேட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2015 வெள்ளத்தின்போது சென்னைக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி வாட்ஸப்பில் வேகமாகப் பரவியது. பண்ணை நிர்வாகமே அதை மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் பகுதியில் முதலை ஒன்று சாலையைக் கடக்கும் காணொளி வந்தது. முந்தைய புரளி நினைவிலிருந்ததால், பார்த்ததும் இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆனால் சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இயல்பாகவே வாழ்கின்றன என்றும், மழையில் அவற்றுள் ஒன்று வெளியே வந்திருக்கிறது என்றும் அரசின் உயரதிகாரி விளக்கினார். எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே எல்லாவற்றையும் மறுப்பதும் சோம்பல்தான் என்பதை வகுப்பில் விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதலாமா? ஆசிரியர் வேண்டாம் என்கிறார்.

தொடங்குவதற்கு அது நல்ல இடம். அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் ஆசிரியரின் கவலையாக இருக்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் தன்னார்வலர்களால் எழுதப்பட்டு வருகிறது. கட்டுரையின் அடியில் மேற்கோள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றில் ஒன்றையாவது திறந்து படியுங்கள். மேற்கோளே இல்லாத கட்டுரையை வேறோரிடத்தில் சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். தமிழில் குறைவாக இருக்கும் தலைப்புகளில் ஒரு பத்தி நீங்களே எழுதிச் சேர்க்கவும் முடியும். என் மாணவர்கள் சிலர் தங்கள் ஊர் ஏரியைப் பற்றி அப்படிச் சேர்த்தார்கள். சான்று கேட்டு ஒருவர் அதைத் திருத்தியபோதுதான் சான்று என்பது என்ன என்று அவர்களுக்கு உறைத்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வீட்டுப்பாடம் செய்யலாமா?

சாட்ஜிபிடி போன்றவற்றை இன்று மாணவர்கள் பயன்படுத்தாமல் இருக்கப் போவதில்லை; ஆகவே எப்படிப் பயன்படுத்துவது என்று பேசுவதுதான் முறை. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காலத்தின் அருமை குறித்துப் பேச்சுப் போட்டிக்காகத் தயாரித்த உரையை என்னிடம் காட்டினாள். நடுவில் ஒரு குறள் இருந்தது. பக்கத்தில் 1342 என்று எண்ணும் போட்டிருந்தது. திருக்குறளில் மொத்தம் எத்தனை குறள் என்று கேட்டேன். "1330 சார்" என்று சொல்லிக்கொண்டே அவள் கண் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. பிறகு சீர்களை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் இருக்க வேண்டும்; அவள் எண்ணியபோது ஐந்தும் நான்கும் வந்தன. சொற்கள் அழகாகத்தான் இருந்தன, பொருளும் இருந்தது, ஆனால் வள்ளுவர் அதை எழுதவில்லை.

இந்தச் செயலிகள் அடிப்படையில், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துத் தருகின்றன. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு விடை சொல்வது போல அவை இயங்குவதில்லை. அதனால் விடை தவறாக இருக்கும்போதும் அதே உறுதியான குரலில்தான் சொல்கின்றன. குறளுக்கு எண்ணும் சீரும் இருப்பதால் பிடித்துவிட்டோம்; வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஆண்டு மாறியிருந்தால் அவ்வளவு எளிதில் பிடிபடாது. அந்த மாணவி பாடநூலைத் திறந்து, காலமறிதல் அதிகாரத்தில் தக்க காலத்துக்குக் கொக்கைப் போலக் காத்திருக்கச் சொல்லும் 490ஆம் குறளைத் தானே தேடி எடுத்துக்கொண்டாள்.

நான் அனுமதிக்கும் முறை இதுதான். கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். சிக்கிய இடத்தை மட்டும் கேளுங்கள். வந்த விளக்கத்தை மூடிவைத்துவிட்டு மறுபடியும் தாளில் போடுங்கள். விடையை அப்படியே எடுத்தெழுதினால் நோட்டில் மதிப்பெண் விழும், தேர்வுக்கூடத்தில் கை நின்றுவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாட்ஜிபிடியின் விதிகளின்படி 13 வயது நிறையாதவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. 18 வயது வரை பெற்றோரின் ஒப்புதல் தேவை. வீட்டுச் சண்டை, உடல்நிலை, மனக் குறை போன்ற அந்தரங்கங்களை அதில் கொட்டாதீர்கள். அவற்றைக் கேட்க ஆள் வேண்டும். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை 14416 எண்ணில் அழைத்து இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

இணையத்தில் கிடைக்கும் படத்தையும் கட்டுரையையும் செயல்திட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் தவறா?

எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் தவறில்லை. தன்னுடையது என்று காட்டுவதுதான் தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, பொதுவாக ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. வகுப்பறைப் பயன்பாட்டுக்குச் சட்டம் சில சலுகைகளைத் தருகிறது. அதையே உங்கள் யூடியூப் சேனலில் போட்டால் அந்தச் சலுகை பொருந்தாமல் போகலாம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள படங்களைப் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் "இந்தப் படம் இன்னார் எடுத்தது, இன்ன தளத்தில் கிடைத்தது" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு நான் தனியாக மதிப்பெண் தருகிறேன்.

தேர்வு முடிவு நாளில் வரும் இணைப்புகளில் எதைத் திறப்பது?

அரசுத் தேர்வுத் துறையின் தளமும், டிஎன்ரிசல்ட்ஸ் டாட் என்ஐசி டாட் இன் என்ற தளமும், சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரும் போதும். முகவரி கடைசியில் எப்படி முடிகிறது என்பதைப் பார்க்கப் பழகுங்கள். "ஜிஓவி டாட் இன்", "என்ஐசி டாட் இன்" என்று முடிபவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுபவை. முகவரியின் நடுவில் "டிஎன்" என்றும் "கவர்ன்மென்ட்" என்றும் எழுதிவைத்துக்கொண்டு வேறொன்றில் முடியும் தளத்தை எவரும் சில நூறு ரூபாயில் தொடங்கிவிடலாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். போகும் வழியில் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை.

முடிவு வரும் காலையில் தளம் சற்று நேரம் திறக்காமல் இருக்கும். அந்தப் பதற்றத்தில்தான் குழுவில் வரும் ஏதோ ஓர் இணைப்பில் பதிவெண், பிறந்த தேதி, போன் எண் எல்லாவற்றையும் பிள்ளைகள் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து "உங்கள் மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம்" என்று தொடங்கும் அழைப்புகள் வரத் தொடங்கும். பதினைந்து நிமிடம் பொறுத்தால் தளம் திறந்துவிடும். குறுஞ்செய்தியிலும் மதிப்பெண் வந்து சேரும்.

"கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது" என்று அழைப்பு வந்தது. உண்மையா?

இல்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதனாலேயே பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். பிறகு வாட்ஸப்பில் ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து, யுபிஐ பின் (PIN) எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போடுகிறோம் என்றால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் பொருள்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி வழியாக விண்ணப்பித்த பிறகு தொகை நேரே மாணவரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. இதற்காக யாரும் இரவில் அழைத்துக் குறியீடு அனுப்புவதில்லை. சந்தேகம் இருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுநாள் பள்ளி அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அதை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்; மறுநாள் காலையில் யோசித்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரும் இழப்பு.

வீட்டில் இருப்பது ஒரே போன். அதில்தான் வங்கிச் செயலியும் இருக்கிறது, பிள்ளை படிப்பதும் அதில்தான். என்ன செய்வது?

எங்கள் பள்ளியில் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான். ஆகவே "பிள்ளைக்குத் தனிக் கருவி வாங்கிக் கொடுங்கள்" என்ற அறிவுரையை நான் சொல்வதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் இன்னொரு பயனரைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் பிள்ளைக்குத் தனி இடம் அமைத்தால் உங்கள் செயலிகளும் படங்களும் அங்கே தெரியாது. அது இல்லாவிட்டால், ஒரே செயலியைத் திரையில் பூட்டிவைக்கும் 'பின்' வசதியை அமைப்புகளில் தேடிப் பாருங்கள். யுபிஐ செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள்; பின் எண்ணைப் பிள்ளையிடம் சொல்லிவைக்காதீர்கள்.

ஓடிபி பற்றித் தனியே பேச வேண்டும். அடுப்படியில் கை வேலையாக இருக்கும் தாய், "என்ன மெசேஜ் வந்திருக்கு, படி" என்கிறார். பிள்ளை ஆறு இலக்கங்களையும் உரக்கப் படிக்கிறது. சில நேரம் எதிர்முனையில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் படிக்காமல், அது எதற்கான எண் என்று சொல்லும் வரியையும் சேர்த்துப் படிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். "2,400 ரூபாய் செலுத்துவதற்கு" என்று அதிலேயே எழுதியிருக்கும். அதேபோல வாட்ஸப்பில் கோப்பாக வரும் எந்தச் செயலியையும், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும் சரி, அரசுத் திட்டம் என்ற பெயரில் வந்தாலும் சரி, நிறுவக் கூடாது. செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் வைத்தால் என்ன ஆகும்?

உழைத்து வாங்கிய மதிப்பெண்ணைக் காட்ட ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் முழுப் பெயர், பிறந்த தேதி, பதிவெண், பள்ளியின் பெயர், சில நேரம் புகைப்படம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. மதிப்பெண் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுங்கள். நுழைவுச்சீட்டு, ஆதார், பள்ளி அடையாள அட்டை ஆகியவற்றை எங்கும் போட வேண்டாம். நண்பர்களின் படத்தைப் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடவுச்சொல்லை எப்படி வைத்துக்கொள்வது?

பிறந்த தேதியும் போன் எண்ணும் வகுப்புத் தோழர்கள் அனைவருக்கும் தெரியும். அவை கடவுச்சொல் ஆகா. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை, முருங்கை, மிதிவண்டி, சுண்ணாம்பு என்பது போல, ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. மின்னஞ்சலுக்கு இருப்பதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். நெருங்கிய தோழியாக இருந்தாலும் கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம்.

என் மகனுக்கு 11 வயது. இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கித் தரலாமா?

இன்ஸ்டாகிராம், வாட்ஸப் இரண்டுமே 13 வயதைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துத் தொடங்கினால், சிறுவர்களுக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் பாதுகாப்புகள் அந்தக் கணக்குக்குக் கிடைக்காமல் போகின்றன. பொய் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும் என்பதைப் பெற்றோரே கற்றுக்கொடுத்ததாகவும் ஆகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இரண்டு ஆண்டுகள் பொறுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?

மணிக் கணக்கை விட, போன் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பார்க்கச் சொல்வேன். தூக்கம், விளையாட்டு, வீட்டாரோடு பேச்சு, எழுதிப் பார்க்கும் பழக்கம் ஆகிய நான்கும் குறையாமல் இருந்தால் அரை மணி கூடினாலும் குறைந்தாலும் பெரிதில்லை. பாடக் காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை யூடியூபில் நிறுத்திவையுங்கள். பத்தாம் வகுப்பு வேதியியலில் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் கிரிக்கெட் துணுக்குகளில் முடிவது இந்த ஒரு பொத்தானால்தான். இரவில் எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். பிள்ளையால் நிறுத்தவே முடியவில்லை, பிடுங்கினால் சாப்பாட்டை மறுக்கிறது, பள்ளிக்கு வர மறுக்கிறது என்ற நிலை வந்துவிட்டால் அடிப்பதில் பயனில்லை; மருத்துவ உதவி தேவைப்படும் நிலை அது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடத்திவருகிறது.

வகுப்புக் குழுவில் ஒரு மாணவனின் படத்தைத் திரித்துப் போட்டுக் கேலி செய்தார்கள். நான் எதுவும் எழுதவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் தவறு செய்தேனா?

இதைக் கேட்கத் தோன்றியதே உங்கள் மனம் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஐந்து பேர் சிரித்தால், மீதி முப்பத்தைந்து பேரும் சிரித்ததாகத்தான் அந்த மாணவனுக்குத் தெரியும். குழுவில் சண்டை போட வேண்டாம். அவனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், மறுநாள் அவன் பக்கத்தில் உட்காருங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். படத்தை வேறெவருக்கும் அனுப்பாதீர்கள். அது ஆபாசமாகத் திரிக்கப்பட்ட படமாக இருந்தால் கேலி என்ற நிலையைத் தாண்டிக் குற்றமாகிவிடுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவரைப் பற்றிய அத்தகைய படத்தைப் பரப்புவதும் தேடித் தரவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வருகின்றன. முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

நீட் படிப்புக் குழுவில் அறிமுகமான அண்ணா நன்றாகப் பாடம் சொல்லித் தருகிறார். இப்போது தனியாகப் பேசலாம் என்கிறார். பேசலாமா?

தங்கச்சி, அவர் சொல்லித்தரும் பாடம் நல்லதாகவே இருக்கலாம். பாடமாக இருந்தால் அதைக் குழுவிலேயே எல்லாருக்கும் சொல்லித் தரலாம் அல்லவா? தனி அரட்டைக்கு வா, வேறு செயலிக்கு வா, வீட்டில் சொல்லாதே, செய்திகளை அழித்துவிடு, ஒரு போட்டோ மட்டும் அனுப்பு என்ற இந்த வரிசையில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முகப்புப் படத்தில் இருப்பவர்தான் பேசுகிறார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இருபது வயது என்பவர் நாற்பதாக இருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பெண் பெயரில் பேசிப் படம் வாங்கிப் பணம் கேட்டு மிரட்டுவது அவர்களுக்கும் நடக்கிறது.

படத்தை அனுப்பிவிட்டேன். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். வீட்டில் சொன்னால் அடிப்பார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: தப்பு செய்தவர் மிரட்டுபவர். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். இன்னொரு படம் அனுப்பாதீர்கள். பதில் பேசுவதை நிறுத்துங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், எண், தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். பிறகு தடுத்துவிடலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். உங்களிடம் பொறுமையாகப் பேச அங்கே ஆள் இருக்கிறார்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் சார்ந்த பாலியல் படங்கள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் தரலாம். 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படமாக இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண் மட்டும் போகிறது. அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டறிந்து நீக்க முயல்கின்றன.

காவல் நிலையம் என்றதும் வரும் பயமும் எனக்குத் தெரியும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ நீங்கள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வர வேண்டும். இரவில் உங்களைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. உங்கள் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

வீட்டில் நேரே சொல்ல முடியாவிட்டால், அத்தையோ சித்தியோ அக்காவோ ஆசிரியரோ, நீங்கள் நம்பும் ஒரே ஒரு பெரியவரிடம் சொல்லி அவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். வாயில் வார்த்தை வரவில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். என் மேசையில் கணக்கு நோட்டுக்குள் மடித்துவைத்த தாளாக அப்படியொன்று வந்திருக்கிறது. நான்கே வரி. கடைசி வரி, "அப்பாவுக்குத் தெரிந்தால் போனை உடைத்துவிடுவார்". தனக்கு நேர்ந்த அவ்வளவையும் எழுதிய பிள்ளைக்குப் போன் போய்விடும் என்ற பயம்தான் கடைசி வரியாக வந்தது. நான்கு வாரம் அந்தப் பயத்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மிரட்டியவருக்கு அந்த நான்கு வாரமும் கிடைத்தது.

அப்படியானால் பிள்ளையின் போனை நாங்கள் ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ரகசியமாக வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்தால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்குத் தொடங்கப்படும், அவ்வளவுதான். சிறு வயதில், பிள்ளையின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் வரையறுக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற வசதியைப் பிள்ளைக்குத் தெரிந்தே வையுங்கள், வளர வளரத் தளர்த்துங்கள். வாரம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வாரம் புதிதாக என்ன கற்றாய், காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாத செயலியைப் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஏதாவது தவறாக நடந்தால் என்னிடம் சொல், சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன் என்று வாயால் சொல்லுங்கள். சொல்லாமலேயே பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மகள் சொல்லிவிட்டாள், புகாரும் கொடுத்துவிட்டோம். இனி அவளிடம் போனைத் திரும்பக் கொடுக்கலாமா?

கொடுங்கள். விசாரணைக்காகக் காவல்துறை கேட்டால் சில நாள் அவர்களிடம் இருக்கும். அது தண்டனை இல்லை என்பதை அவளிடம் விளக்குங்கள். போன் கைக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வேறு கருவிகளில் திறந்திருக்கும் கணக்குகளை மூடுங்கள், தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பை வாட்ஸப்பில் 'என் தொடர்புகள்' என்று வையுங்கள். படிப்புக்காக அவள் தினமும் திறந்துகொண்டிருந்த செயலியை, பழைய நேரத்துக்கே திறக்க விடுங்கள். அந்த வாரம் நடந்த இயற்பியல் பாடத்தை அவள் தவறவிட்டிருப்பாள். கியூஆர் குறியீடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.